துணைவரின் வரிப் பாக்கியும் கலிஃபோர்னியாவின் இரகசியத் திருமணமும்

கேள்வி: நான் கலிஃபோர்னியாவில் சொந்த வீட்டில் வசிக்கிறேன். என்னுடன் வாழ்ந்துவரும் துணைவருக்கு, முன்பு நடத்திய தொழிலில் சேர்ந்த கூட்டாட்சி வரிப் பாக்கி இருக்கிறது. இரகசியத் திருமணம் செய்துகொண்டால் என் சம்பளமும் வீடும் வரித்துறையிடமிருந்து தப்புமா?

பதில்: தப்பாது. இந்தப் பெயரே பலரைத் தவறாக நினைக்க வைக்கிறது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். 18 வயது நிரம்பிய, ஏற்கெனவே தம்பதியர்போல் சேர்ந்து வாழும் இருவர், சாட்சிகள் இன்றிச் செய்துகொள்ளக்கூடிய இத்திருமணத்தின் சான்றிதழை, நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வேறு எவரும் பார்வையிட முடியாது. அவ்வளவுதான் இரகசியம். அப்படியொரு திருமணம் நடந்திருக்கிறதா என்பதை மாவட்டப் பதிவு அலுவலர் தேடி உறுதிப்படுத்தவும் சட்டம் இடம் தருகிறது. வரிப் படிவத்திலோ நீங்கள் திருமணமானவர் என்றே குறிப்பிட வேண்டும். சொத்துரிமையிலும் கடன் பொறுப்பிலும் இது மற்ற திருமணங்களிலிருந்து சிறிதும் வேறுபடுவதில்லை.

உண்மையான சிக்கல் கலிஃபோர்னியாவின் பொதுச்சொத்து முறையில் இருக்கிறது. மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால், திருமணத்திற்குப் பின் இருவரில் யார் சம்பாதித்தாலும் அது இருவருக்கும் பொதுவானது; குடும்பச் சட்டத்தின் 910-ஆம் பிரிவின்படி, ஒருவர் திருமணத்திற்கு முன் பட்ட கடனுக்கும் அந்தப் பொதுச்சொத்து பொறுப்பாகும். அவர் பணம் எடுக்க முடியாத தனி வங்கிக் கணக்கில், வேறு பணம் கலக்காமல் வைத்திருக்கும் உங்கள் சம்பளத்திற்கு 911-ஆம் பிரிவு பாதுகாப்பு தருகிறது. ஆனால் கூட்டாட்சி வரித்துறை, பொதுச்சொத்தில் கடன்பட்டவருக்குள்ள பாதி உரிமையைத் தொடக்கூடியது என்பதால், அந்தக் கணக்கை மட்டும் நம்பி இருக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

திருமணத்திற்கு முன்பே உங்களுக்குச் சொந்தமான வீடு தனிச்சொத்து; அவருடைய பழைய வரிப் பாக்கிக்கு அது பொறுப்பாகாது. எனினும், திருமணத்திற்குப் பின் வரும் சம்பளத்தில் வீட்டுக் கடனின் அசலைக் கட்டிவந்தால், வீட்டில் பொதுச்சொத்துக்கும் ஒரு பங்கு உருவாகிவிடும். வீட்டுப் பத்திரத்தில் அவர் பெயரைச் சேர்த்தாலோ, அவர்மீதுள்ள வரிப் பிடிமானம் (பாக்கிக்காக அவர் சொத்தின்மீது அரசுக்கு உள்ள உரிமை) வீட்டில் அவருக்குக் கிடைக்கும் பங்கின்மீதும் படியும்.

ஆகவே உங்களுக்குத் தேவையானது திருமணத்திற்கு முந்தைய ஒப்பந்தம். இருவர் சம்பாத்தியமும் அவரவர் தனிச்சொத்தாகவே இருக்கும் என்று அதில் எழுதிக்கொள்ளலாம். இறுதி வடிவம் கைக்கு வந்ததிலிருந்து 7 நாட்களாவது கழிந்த பிறகே கையெழுத்திட வேண்டும். இருவரும் தனித்தனி வழக்கறிஞரை வைத்துக்கொள்வது மிகவும் நல்லது. அதற்கும் முன்னதாக, அவருடைய ஒவ்வோர் ஆண்டு வரிக்கணக்குப் பிரதியையும் வரித்துறையிலிருந்து எடுத்துத் தரச் சொல்லுங்கள். பாக்கித் தொகையைவிட, எந்த ஆண்டுக்காவது படிவமே தாக்கல் செய்யாமல் விட்டிருக்கிறாரா என்பதைக் கவனமாகப் பாருங்கள். வரி நிர்ணயமான நாளிலிருந்து பொதுவாக 10 ஆண்டுகள் வரை அதை வசூலிக்கலாம் என்றாலும், தாக்கல் செய்யாத ஆண்டுக்கு வரி நிர்ணயிக்கக் கால வரம்பே கிடையாது.

திருமணத்திற்குப் பின் கூட்டுப் படிவம் தாக்கல் செய்தால், அந்த ஆண்டு வரிக்கு இருவரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பாவீர்கள்; அதாவது முழுத் தொகையையும் உங்கள் ஒருவரிடமிருந்தே வசூலிக்கலாம். கூடுதலாகக் கட்டியதால் திரும்ப வரவேண்டிய வரித் தொகையையும் அவருடைய பழைய பாக்கிக்கு ஈடுகட்டிக்கொள்வார்கள். உங்கள் பங்கைக் கேட்க 8379-ஆம் எண் படிவம் இருக்கிறது. ஆனால் ஒப்பந்தம் இல்லாத கலிஃபோர்னியத் தம்பதியருக்கு அதனால் கிடைப்பது குறைவு, சில வேளைகளில் எதுவும் கிடைக்காது. அவர் பாக்கி தீரும்வரை தனித்தனியே தாக்கல் செய்யுங்கள். டிசம்பர் 31 அன்று திருமணமானவராக இருந்தால் அந்த ஆண்டு முழுவதற்கும் திருமணமானவராகவே கருதப்படுவீர்கள் என்பதால், ஒப்பந்தம் முடியாத நிலையில் ஆண்டு இறுதியில் திருமண நாள் குறித்திருந்தால், ஜனவரிக்குத் தள்ளிவைப்பதில் உங்களுக்கு இழப்பில்லை.