டிவி பார்த்துவிட்டு காமிக்ஸ் கடைக்கு வருகிறவர்கள்: கேள்வி பதில்

காமிக்ஸ் பற்றி டிவியில் ஆவணத் தொடர்கள் வரிசையாக வந்துவிட்டன. இதனால் கடைகளுக்கு என்ன நன்மை, எதைப் பார்க்கலாம், எதை நம்பலாம் என்று கேள்விகள் வந்திருந்தன. அமெரிக்காவில் படித்த காலத்தில் நியூஜெர்சியில் ஒரு காமிக்ஸ் கடையில் சனி, ஞாயிறு கல்லாவில் உட்கார்ந்தவன் நான். அந்தத் தைரியத்தில் சொல்கிறேன்.

ஈரோட்டிலிருந்து ஒருவர்: அண்ணா, டிவியில் நிகழ்ச்சி ஓடினால் மறுநாள் கடையில் நிஜமாகவே கூட்டம் வருமா?

வரும் தம்பி. ஆனால் முதலில் வருகிறவர்கள் வாங்க வருவதில்லை, விற்க வருகிறார்கள்.

ஏஎம்சி சேனலில் 2012 முதல் 2018 வரை ஏழு சீசன் ஓடிய 'காமிக் புக் மென்' தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். நியூஜெர்சியின் ரெட் பேங்க் ஊரில் இயக்குநர் கெவின் ஸ்மித் நடத்தும் கடைதான் களம். யாராவது பழைய இதழையோ பொம்மையையோ கொண்டுவருவார், கடைக்காரர்கள் புரட்டிப் பார்ப்பார்கள், பேரம் நடக்கும், நடுநடுவே அரட்டை. இதைப் பார்க்கிறவருக்கு என்ன தோன்றும்? 'நம் வீட்டுப் பரணிலும் ஒரு பெட்டி இருக்கிறதே!' அவ்வளவுதான். திங்கட்கிழமை பெட்டியோடு கடை வாசலில் நிற்பார். பெட்டியில் பெரும்பாலும் எண்பது, தொண்ணூறுகளின் இதழ்கள். கடையின் பின்னறையில் அதே இதழ்கள் ஏற்கெனவே நாலு பெட்டி இருக்கும். 'டிவியில் நூறு டாலர் கொடுத்தார்களே' என்பார். கடைக்காரர் ஒரு டாலர் சொல்வார். அப்போது பெட்டியோடு வந்தவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

படிக்க வருகிறவர்களும் உண்டு. எண்ணிக்கை குறைவு, வருவதும் மெதுவாகத்தான். ஒரு வரலாற்றுத் தொடரைப் பார்த்துவிட்டு இரண்டு மூன்று வாரம் கழித்து, 'ஜாக் கிர்பி வரைந்தது ஏதாவது இருக்கிறதா?' என்று மார்வெல்லின் பழைய ஓவியர் பெயரைச் சொல்லித் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். அவர்கள் இரண்டாவது தடவையும் வருவார்களா என்பது கல்லாவில் இருப்பவர் கையில் இருக்கிறது. டிவி வாசல் வரைக்கும்தான் கொண்டுவந்து விடும்.

மதுரையிலிருந்து ஒரு வாசகி: கூட்டம் வருகிறது என்றால் கடைக்காரர் கூடுதலாக இதழ்களை வரவழைத்து வைக்கலாமே?

நல்ல கேள்வி மேடம். இந்த வியாபாரத்தின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது.

அந்தக் காலத்தில் அமெரிக்கக் காமிக்ஸ் பெட்டிக்கடையிலும் மருந்துக்கடையிலும்தான் விற்றது. விற்காத பிரதியின் அட்டையைக் கிழித்துத் திருப்பி அனுப்பினால் பணம் கழித்துக்கொள்வார்கள். 1970களின் தொடக்கத்தில் நியூயார்க்கைச் சேர்ந்த காமிக்ஸ் வியாபாரி ஃபில் சூலிங் பதிப்பகங்களிடம் வேறொரு ஏற்பாடு பேசினார்: 'எனக்குக் கழிவு அதிகம் கொடுங்கள், விற்காததை நான் திருப்பித் தர மாட்டேன்.' பதிப்பகத்துக்கு நஷ்ட பயம் போய்விட்டது. தனி காமிக்ஸ் கடைகள் பெருகியது இந்த ஏற்பாட்டால்தான். விற்காமல் தங்கியதெல்லாம் கடையில் பழைய இதழ் பெட்டிகளாகச் சேர்ந்தன. டிவியில் நாம் வாய் பிளந்து பார்க்கும் அந்த நீள நீளமான அட்டைப்பெட்டிகள் அப்படி வந்தவைதான்.

இதன் மறுபக்கம் கசப்பு. ஓர் இதழ் வெளிவருவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே, பட்டியலைப் பார்த்துக் கடைக்காரர் எத்தனை பிரதி வேண்டும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கூடுதலாக எழுதினால் மிஞ்சுவது அவர் தலையில். குறைத்து எழுதினால் நாலு பேர் கேட்டு வரும்போது கையை விரிக்க வேண்டும். பதிப்பகமும் ஆர்டருக்கு ஏற்றபடிதான் அச்சடிக்கும். மறுபதிப்பு வர வாரங்கள் ஆகும். அதற்குள் டிவி ரசிகர் வேறு தொடருக்குப் போயிருப்பார். அதனால் விவரமான கடைக்காரர்கள் தனி இதழ்களை நம்புவதில்லை, தொகுப்பு நூல்களை முன்னால் அடுக்கி வைப்பார்கள். அதை எப்போது வேண்டுமானாலும் மறுபடி வரவழைக்கலாம்.

கோவையிலிருந்து: சூப்பர்மேன் செத்துப்போன அந்த இதழ் மாமா வீட்டில் இருக்கிறது. கறுப்பு உறை பிரிக்கவே இல்லை. எவ்வளவு போகும்?

மாமாவிடம் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், ஆசைக்காக. பணத்துக்காக வேண்டாம்.

'சூப்பர்மேன்' 75ஆம் இதழ், 1992 நவம்பர் 18 அன்று வெளியானது. கறுப்பு பிளாஸ்டிக் உறை, மேலே ரத்தம் வழியும் எஸ் முத்திரை. உள்ளே இதழோடு கையில் கட்டிக்கொள்ள ஒரு கறுப்புப் பட்டை, கதையில் சூப்பர்மேன் வேலை பார்க்கும் டெய்லி பிளானட் பத்திரிகையின் இரங்கல் செய்தி, போஸ்டர், ஒட்டும் தபால்தலைகள். சாவு வீட்டுக்குச் சாமான் வாங்கியதுபோல ஒரு பொட்டலம்! செய்திச் சேனல்கள் எல்லாம் சொல்லிச் சொல்லி, வாழ்க்கையில் காமிக்ஸ் தொடாதவர்கூட வரிசையில் நின்று வாங்கினார். ஒருவரே நாலைந்து பிரதி. ஒன்றைப் படிக்க, மீதியைப் பையன் கல்லூரிச் செலவுக்கு! எல்லோரும் பத்திரப்படுத்திய பொருளுக்கு விலை எப்படி ஏறும்? 1991இல் 'எக்ஸ்-மென்' முதல் இதழ் ஐந்து விதமான அட்டையோடு 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் போனது. இன்றும் கடைகளில் சில டாலருக்குக் கிடைக்கிறது.

சூப்பர்மேன் அறிமுகமான, 1938இல் பத்து சென்ட்டுக்கு விற்ற 'ஆக்ஷன் காமிக்ஸ்' முதல் இதழ் 2024இல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனதற்குக் காரணம், அன்றைக்கு அதை யாரும் பத்திரப்படுத்தவில்லை என்பதுதான். படித்தார்கள், கிழித்தார்கள், போர்க்காலத்தில் பழைய பேப்பருக்குப் போட்டார்கள்.

1992 கூட்டத்தை நம்பி அதிகமாக ஆர்டர் எழுதிய கடைகள் அடுத்த சில வருடங்களில் ஆயிரக்கணக்கில் மூடின. 1996 டிசம்பரில் பெரிய பதிப்பகமான மார்வெல்லே திவால் மனு கொடுத்தது. கேமரா வந்தாலே பழைய கடைக்காரர்கள் கொஞ்சம் பயப்படுவது இதனால்தான்.

திருச்சியிலிருந்து: கதைத் தொடரும் ஆவணத் தொடரும் ஒரே மாதிரி வியாபாரம் கொடுக்குமா?

ஆவணத் தொடர் கிட்டவே வர முடியாது. ராபர்ட் கிர்க்மன் எழுதிய ஜாம்பி காமிக்ஸ் 'வாக்கிங் டெட்' முதல் இதழ் 2003இல் ஏழாயிரத்துச் சொச்சம் பிரதிதான். 2010இல் டிவி தொடர் வந்தது. 2012இல் நூறாவது இதழுக்குக் கடைகள் கொடுத்த ஆர்டர் மூன்றரை லட்சத்தைத் தாண்டியது. எந்த ஆவணப்படமும் இதைச் செய்ததில்லை.

கல்லூரி மாணவி ஒருவர்: அப்படியானால் ஆவணப்படத்தால் யாருக்குத்தான் லாபம்?

பெயர் விடுபட்டுப்போனவர்களுக்கு. என் கணக்கில் இதுதான் பெரிய லாபம், கடை வியாபாரமெல்லாம் அப்புறம்.

பேட்மேனை உருவாக்கியவர் என்றால் 1939 முதல் பாப் கேன் பெயர் மட்டும்தான். கதை எழுதியதோடு, உடையின் தோற்றம், முகமூடி, கோத்தம் நகரம் என்று பாதிக்கு மேல் யோசித்தவர் பில் ஃபிங்கர். வறுமையில் 1974இல் இறந்தார். மார்க் டைலர் நோபல்மேன் என்ற எழுத்தாளர் துப்பறிவாளர்போல அலைந்து, வாரிசே இல்லை என்று நினைத்திருந்த குடும்பத்தில் பேத்தி ஒருவர் இருப்பதைக் கண்டுபிடித்தார். 2012இல் அவர் புத்தகம் வந்தது. 2015இல் பேட்மேனை வெளியிடும் டிசி நிறுவனம் ஃபிங்கர் பெயரையும் சேர்க்க ஒப்புக்கொண்டது. ஹூலு தளத்தில் 'பேட்மேன் அண்ட் பில்' வந்தது 2017இல்தான். அதாவது, படம் வருவதற்கு முன்பே சண்டை முடிந்துவிட்டது. படம் செய்தது அந்தக் கதையை ஊரறியச் செய்ததுதான். அதுவே சின்ன விஷயம் இல்லை. அதற்கப்புறம் 'ஃபிங்கர் எழுதிய பழைய கதைகள்' என்று பெயர் சொல்லிக் கேட்கிறார்களே!

சிங்கப்பூரிலிருந்து: கம்பெனிகளே எடுக்கும் ஆவணப்படங்களை நம்பலாமா சார்?

பாருங்கள், ஆனால் யார் வீட்டுக் கல்யாண வீடியோ என்பதை மறக்காதீர்கள்.

2023இல் டிஸ்னி பிளஸ், மார்வெல் கதாசிரியரைப் பற்றி 'ஸ்டான் லீ' என்று ஒரு படம் போட்டது. பெரும்பாலும் அவர் குரலிலேயே அவர் கதை. வந்த கையோடு ஜாக் கிர்பியின் மகன் நீல் கிர்பி, 'என் அப்பாவின் பங்கைக் குறைத்துக் காட்டுகிறார்கள்' என்ற பொருளில் வெளிப்படையாக அறிக்கை விட்டார். நியாயமான கோபம் என்பேன். மார்வெல்லின் பெரிய பாத்திரங்கள் பலவற்றில் கதையை ஓட்டியதே வரைந்தவர்தான். கிர்பி குடும்பத்துக்கும் மார்வெல்லுக்கும் நடந்த சண்டை வழக்காகி 2014இல்தான் சமரசம் ஆனது.

அதே கம்பெனி 2020இல் வெளியிட்ட 'மார்வெல்ஸ் 616' எனக்குப் பிடிக்கும். எட்டு பகுதிகள், ஒவ்வொன்றும் வேறு வேறு இயக்குநர் கையில். 1978இல் ஜப்பானில் எடுத்த ஸ்பைடர்மேன் தொடரைப் பற்றி ஒன்று. பெரிய ரோபோவோடு அவர் சண்டை போடுவதைப் பார்த்தால் சிரிப்பு தாங்காது. ஸ்பைடர்மேன் கதாசிரியர் டான் ஸ்லாட் கதையை நேரத்துக்குக் கொடுக்காமல் எல்லோரையும் தவிக்கவிடும் பகுதியும் அருமை.

ராபர்ட் கிர்க்மனின் 'சீக்ரெட் ஹிஸ்டரி ஆஃப் காமிக்ஸ்' (2017, ஆறு பகுதிகள்) பொதுவாக நேர்மையானது. கறுப்பினப் படைப்பாளிகள் 1993இல் தொடங்கிய மைல்ஸ்டோன் பதிப்பகம் பற்றிய பகுதியைத் தவறவிடாதீர்கள். இமேஜ் காமிக்ஸ் பதிப்பகம் பற்றிய பகுதியில் மட்டும் உஷார். கிர்க்மன் அதே இமேஜில் பங்குதாரர்.

சேலத்திலிருந்து: ஒரே ஒரு தொடர்தான் பார்க்க நேரம் இருக்கிறது. எது?

அமெரிக்கப் பொதுச் சேனலான பிபிஎஸ் 2013இல் ஒளிபரப்பிய 'சூப்பர்ஹீரோஸ்: எ நெவர்-எண்டிங் பேட்டில்'. மூன்றே பகுதி. வரலாறு முழுக்க ஓரளவு வந்துவிடும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்: எங்கள் காலத்தில் காமிக்ஸ் படித்தால் பிள்ளை கெட்டுப்போகும் என்றார்கள். அமெரிக்க டிவி அப்படிச் சொன்னதில்லையா?

சொன்னது ஐயா, பலமாகவே சொன்னது. 1954இல் மனநல மருத்துவர் ஃபிரெடரிக் வெர்தாம், காமிக்ஸ்தான் சிறார் குற்றங்களுக்குக் காரணம் என்று புத்தகம் எழுதினார். செனட் குழு நியூயார்க்கில் விசாரணை வைத்தது. திகில் காமிக்ஸ் பதிப்பாளர் பில் கெய்ன்ஸிடம், வெட்டிய தலையைக் கையில் பிடித்திருக்கும் அட்டைப் படத்தைக் காட்டி, 'இது நல்ல ரசனையா?' என்று கேட்டார்கள். 'திகில் காமிக்ஸுக்கு நல்ல ரசனைதான்' என்றார் அவர். மனிதர் ஒழிந்தார்! அதே வருடம் பதிப்பகங்கள் தங்களுக்குத் தாங்களே தணிக்கை விதிகளைப் போட்டுக்கொண்டன.

1955இல் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து வந்த 'கான்ஃபிடென்ஷியல் ஃபைல்' என்ற டிவி நிகழ்ச்சி இதைப் படமாகவே எடுத்தது. காமிக்ஸ் படித்த பையன்கள் அதே கொடுமைகளைச் செய்துபார்ப்பதுபோல நடிக்கவைத்த காட்சிகள் அதில் உண்டு. இயக்கியவர் இர்வின் கெர்ஷ்னர். பின்னாளில் 'ஸ்டார் வார்ஸ்' வரிசையின் இரண்டாவது படத்தை எடுத்து காமிக்ஸ் ரசிகர்களின் செல்லப்பிள்ளை ஆன அதே கெர்ஷ்னர்தான்!

சிவகாசிக்காரர் ஒருவர்: நமக்கு இரும்புக்கை மாயாவியைக் கொடுத்த பிரிட்டன்காரர்கள் தங்கள் காமிக்ஸைப் பற்றிப் படம் எடுக்கவில்லையா?

எடுத்தார்கள். பிபிசி ஃபோர் 2007இல் 'காமிக்ஸ் பிரிட்டானியா' என்று மூன்று பகுதி போட்டது. பீனோ, டாண்டி என்ற சிறுவர் இதழ்களில் தொடங்கி எழுத்தாளர் ஆலன் மூர் வரைக்கும் வருகிறது. அதே மாதத்தில் டிவி தொகுப்பாளர் ஜொனாதன் ராஸ், ஸ்பைடர்மேனை வரைந்த ஸ்டீவ் டிட்கோவைத் தேடிப்போகும் படமும் வந்தது. டிட்கோ பல பத்தாண்டுகளாகப் பேட்டியே கொடுக்காதவர். கடைசியில் ராஸும் எழுத்தாளர் நீல் கெய்மனும் அவருடைய நியூயார்க் அலுவலகக் கதவைத் தட்டுகிறார்கள். உள்ளே விட்டுப் பேசுகிறார், கேமராவுக்கு மட்டும் அனுமதி இல்லை. இருவரும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி பூரிப்போடு வெளியே வருகிறார்கள். டிட்கோவை நாம் பார்ப்பதே இல்லை. பல ஆவணப்படங்களை விட அந்த முடிவு எனக்குப் பிடிக்கும்.

மாயாவி விஷயம்: அவர் 1962இல் 'வேலியன்ட்' இதழில் பிறந்தவர், 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாகச் சிவகாசிக்கு வந்தார். பிரிட்டனில் அவரை வெகுகாலம் மறந்தே போனார்கள். அந்தப் பழைய உரிமைகளை ரெபெல்லியன் என்ற பதிப்பு நிறுவனம் வாங்கிய பிறகு அங்கே மறுபடியும் மறுபதிப்பு வந்தது. நாம் ஒரு நாளும் மறக்கவில்லை என்பது வேறு கதை.

ஓவியம் படிக்கும் ஒருவர்: வரைவதைக் கிட்டத்தில் காட்டும் நிகழ்ச்சி ஏதாவது உண்டா?

ஜப்பானின் என்எச்கே சேனலில் 'மான்பென்'. மங்கா (ஜப்பானியக் காமிக்ஸ்) ஓவியர் உராசாவா நவோகி நடத்துவது, 2014இல் தொடங்கியது. ஓவியர் மேசையைச் சுற்றிச் சின்னச் சின்னக் கேமராக்களை வைத்துவிட்டுப் படக்குழு போய்விடும். சில நாள் பதிவானதை உராசாவாவும் அந்த ஓவியரும் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பார்கள். 'இங்கே ஏன் அழித்தீர்கள்?', 'இந்தக் கண்ணை முதலில் ஏன் போட்டீர்கள்?' என்று தொழில் தெரிந்தவர் கேட்கும் கேள்விகள். பேனா முள் தாளில் உரசும் சத்தம்கூடக் கேட்கும். நீங்கள் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சென்னையிலிருந்து: அடுத்த மாதம் அமெரிக்கா போகிறேன். காமிக்ஸ் கடைக்குள் முதல் தடவை. என்ன கேட்பது?

முதல் இதழ் இருக்கிறதா என்று கேட்காதீர்கள். விலை பார்க்க வந்தவர் என்று நினைத்துக்கொள்வார்கள். 'இந்தத் தொடர் பார்த்தேன், இன்னாரைப் பிடித்தது, தொகுப்பு ஏதாவது கொடுங்கள்' என்று சொல்லுங்கள். புதன்கிழமை போனால் புது இதழ்கள் வரும் நாள், அரட்டை களைகட்டும், ஆனால் கடைக்காரருக்கு நேரம் இருக்காது. வியாழன் மதியம் போங்கள். தரையில் ஒரு டாலர் பெட்டிகள் இருக்கும், கூச்சப்படாமல் உட்கார்ந்து தேடுங்கள். மே மாத முதல் சனிக்கிழமை அங்கே இருந்தால் இலவசக் காமிக்ஸ் நாள், 2002இல் தொடங்கியது. நமக்கு இலவசம், கடைக்காரர் அதற்கும் காசு கொடுத்துத்தான் வாங்கி வைக்கிறார். அதனால் இரண்டு இலவச இதழ் எடுத்தால் காசு கொடுத்து ஒரு புத்தகமாவது வாங்கிக்கொண்டு வாருங்கள்.