கேள்வி–பதில்: டேங்கைக் குளிர வைக்கும் பம்பு

கேள்வி: மொட்டைமாடியில் 200 லிட்டர் சோலார் வாட்டர் ஹீட்டர் இருக்கிறது. கீழ்த்தளக் குளியலறையில் அரை வாளி பச்சைத் தண்ணீர் போன பிறகுதான் வெந்நீர் வரும். அதனால் குழாயில் ஆறிக் கிடக்கும் தண்ணீரை டேங்குக்கே திருப்பி, வெந்நீரைச் சுற்றவிடும் சர்குலேஷன் பம்பு மாட்டினோம். இப்போது குழாயைத் திறந்ததும் சூடு வருகிறது. ஆனால் விடியற்காலையில் டேங்க் தண்ணீரே வெதுவெதுப்பாகிவிடுகிறது. பம்பின் வேகத்தைக் குறைத்தால் சரியாகுமா?
— வாசகி, சத்துவாச்சாரி

பதில்: வேகத்தை 1-ல், அதாவது ஆகக் குறைந்த வேகத்தில் வையுங்கள், வீட்டுக்கு அதுவே அதிகம். ஆனால் கோளாறு வேகத்தில் இல்லை. பம்பு நிற்காமல் ஓடுவதில் இருக்கிறது. முக்கால் அங்குல சிபிவிசி குழாய் மீட்டருக்குக் கால் லிட்டர் பிடிக்கும். 20 மீட்டர் என்றால் 5 லிட்டர். குழாயும் சூடாக வேண்டும் என்பதால் கொஞ்சம் கூடுதலாகப் போகும், அவ்வளவுதான். அதை நகர்த்த ஓரிரு நிமிடம் போதும். இரவு முழுக்க ஓடினால் டேங்கின் சூடு சுவருக்கும் காற்றுக்கும் போய்விடும். போதாததற்கு, டேங்கில் மேலே வெந்நீரும் கீழே பச்சைத் தண்ணீருமாக அடுக்காக நிற்பதையும் பம்பு கலக்கிவிடும்.

கடைசிக் குளியலறையைத் தாண்டி, ரிட்டர்ன் குழாயின் (தண்ணீர் டேங்குக்குத் திரும்பும் குழாய்) மேல் கட்டும் வகைத் தெர்மோஸ்டாட் ஒன்றைப் பொருத்தி 40 டிகிரியில் வையுங்கள். குழாய் அந்தச் சூட்டைத் தொட்டதும் பம்பு நின்றுவிடும். அதோடு ஒரு டைமர்: காலை 5.30 முதல் 7.30 வரை. டைமரைவிடக் குளியலறை வாசலில் பம்பை ஓட்ட ஒரு பெல் சுவிட்ச் வைப்பது இன்னும் நல்லது. குளிக்கப் போகிறவர் அழுத்திவிட்டுத் துண்டை எடுத்து வருவதற்குள் வெந்நீர் வந்திருக்கும்.

ரிட்டர்ன் குழாயில், தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு இருக்கிறதா என்று பாருங்கள். ரிட்டர்னை டேங்கின் பச்சைத் தண்ணீர்க் குழாயோடு சேர்த்திருந்தால், அந்த வால்வு இல்லாத இடத்தில் பச்சைத் தண்ணீர் எதிர்வழியாக வந்து வெந்நீர்க் குழாயில் கலக்கும். பலர் இதற்கு ஹீட்டரைக் குறை சொல்வார்கள்.

பம்பு கீழ்த்தளத்தில், தண்ணீர் அழுத்தம் உள்ள இடத்தில் இருக்கட்டும். அதன் தண்டு படுக்கைவாட்டில் இருக்க வேண்டும். உள்ளே ஓடும் தண்ணீர்தான் பேரிங்குக்கு எண்ணெய் மாதிரி. காற்று அடைத்தாலோ வறண்டு ஓடினாலோ தேய்ந்துவிடும். வார்ப்பிரும்பு உடல் துருப்பிடிக்கும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது வெண்கலம் கேட்டு வாங்குங்கள். நம் பக்கத்து போர்வெல் தண்ணீரின் உப்பு படிந்து, சில மாதம் ஓடாமல் கிடந்த பம்பு இறுகிப்போகும். அப்போது மின்சாரத்தை நிறுத்தி, முன்பக்கத் திருகைக் கழற்றி, உள்ளே தெரியும் தண்டை ஸ்க்ரூடிரைவரால் நாலு சுற்றுச் சுற்றினால் பெரும்பாலும் விட்டுவிடும்.

கேள்வி: அதே மாதிரி டேங்கில் தண்ணீரை மின்சாரத்தில் சூடாக்கும் 2 கிலோவாட் காயிலும் உண்டு. தெர்மோஸ்டாட் 60-ல் இருக்கிறது. கரண்ட் பில் எகிறுகிறது.
— வாசகர், குடியாத்தம்

பதில்: 200 லிட்டரை 30-லிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற 7 யூனிட் ஆகும், மூன்றரை மணி நேரம். 50-ல் வைத்தால் அதே தண்ணீருக்கு நாலரை யூனிட்டுக்குச் சற்று மேல். ஆனால் எண்ணைவிட நேரம் முக்கியம். காயிலை எப்போதும் ஆனில் விட்டால் இரவெல்லாம் மின்சாரமே டேங்கை நிரப்பிச் சூடாக்கிவிடும். காலையில் வெயிலுக்கு வேலை இருக்காது. மழை, மூட்டம் இருந்த நாளுக்கு மறுநாள் மட்டும் விடியற்காலையில் போடுங்கள். கத்திரி வெயிலில் சுவிட்சே வேண்டாம். 50-லேயே மாதக்கணக்கில் தேங்கிய தண்ணீரில் கிருமி வளரலாம் என்பதால் வாரம் ஒருமுறை 60 தொடட்டும். 60 டிகிரித் தண்ணீர் சில நொடிகளில் தோலைப் பொசுக்கும், குழந்தைகளும் முதியோரும் உள்ள வீட்டில் வெந்நீரோடு பச்சைத் தண்ணீரைக் கலந்து சூட்டைக் குறைக்கும் மிக்ஸிங் வால்வு அவசியம்.

கேள்வி: 15 லிட்டர் கீசரின் சேஃப்டி வால்வு சூடாகும்போது சொட்டுகிறது. அடைத்துவிடலாமா?
— வாசகர், ஆரணி

பதில்: அடைக்கவே கூடாது. 25-லிருந்து 60 டிகிரிக்கு ஏறும்போது 15 லிட்டர் சுமார் 200 மில்லி விரிகிறது, அதுதான் வெளியேறுகிறது. கீசரை அணைத்த பிறகும் சொட்டினால் வால்வில் உப்பு உட்கார்ந்திருக்கிறது. லீவரைத் தூக்கி ஒருமுறை கழுவிவிட்டுப் பாருங்கள், நிற்காவிட்டால் வால்வையே மாற்றுங்கள்.