கண்ணில் விழுந்த துகளை அகற்றும் பணிக்கு எந்தப் பாதை?

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

கிரைண்டர் வேலையின்போது உங்கள் கணவரின் கண்ணில் தெறித்த இரும்புத் துகளை, வைத்தியசாலை விடுதியில் அனுமதிக்காமலே சில நிமிடங்களில் அகற்றிவிட்டார்கள் என்றும், அதை அருகிலிருந்து பார்த்த மகள் தானும் இதே பணிக்குப் போக விரும்புகிறாள் என்றும் எழுதியிருந்தீர்கள். சாதாரண தரப் பரீட்சையை முடித்திருக்கும் அவளுக்கு இதற்கெனக் குறுகிய காலப் பயிற்சி உண்டா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. அதற்கான காரணம் அந்தச் சில நிமிடங்களுக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் சொட்டு மருந்தால் கண்ணை மரத்துப்போகச் செய்து, ஸ்லிட் லாம்ப் எனப்படும் உருப்பெருக்கும் கருவியின் முன் நோயாளியை அமர்த்துவார்கள். மேலிமையைப் புரட்டி, அங்கே வேறு துகள் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். புளோரசின் சாயமிட்டு நீல ஒளியில் நோக்கினால் கீறல்கள் பச்சையாக ஒளிரும். ஒட்டாமல் கிடக்கும் தூசியைக் கழுவியோ ஈரப் பஞ்சினாலோ எடுத்துவிடலாம். பதிந்துவிட்ட துகளை மட்டுமே நுண்ணிய ஊசியின் முனையால், விழியின் மேற்பரப்பை ஒட்டிச் சாய்வாகப் பிடித்து, நெம்பி எடுக்கிறார்கள். அந்த இடத்தில், கண்ணின் முன்புறத்தை மூடியிருக்கும் தெளிவான படலமான விழிவெண்படலத்தின் தடிப்பு ஏறக்குறைய அரை மில்லிமீற்றர்தான்.

ஊசி பிடிக்கும் கைப்பழக்கத்தைவிட, எப்போது தொடக்கூடாது என்று அறிவதே இதில் கடினம். இரும்பை இரும்பால் அடித்தபோது தெறித்த துகள் விழியைத் துளைத்து உள்ளே போயிருக்கலாம். அப்படியானால் அது வெளிநோயாளர் பிரிவில் முடிகிற வேலையல்ல. இரும்புத் துகள் சில மணி நேரத்திலேயே துரு வளையத்தை விட்டுச்செல்லக்கூடும். அது பார்வை அச்சில் ஆழமாக இருந்தால், முழுவதையும் ஒரே நாளில் சுரண்ட முனைவது தழும்பை உண்டாக்கும். உங்கள் திருகோணமலை மாவட்டத்தின் கந்தளாய், மூதூர்ப் பக்கம் அறுவடைக் காலத்தில் நெல் உமி பட்டு வருகிறவரின் கண்ணில், சிறு கீறலுக்குப் பின் பூஞ்சைத் தொற்று ஏற்படக்கூடும் என்ற எச்சரிக்கை வேண்டும். வலி தாங்காமல் மரக்கச் செய்யும் சொட்டு மருந்தை வீட்டுக்குக் கேட்பவருக்கு மறுக்கவும் வேண்டும். அது புண் ஆறுவதைத் தடுக்கும். இந்த அறிவுக்காகத்தான் வைத்தியத்துறையில் இத்தனை ஆண்டுகள் கேட்கப்படுகின்றன.

ஆகவே ஊசியைத் தானே பிடிக்க வேண்டும் என்பது மகளின் விருப்பமானால், அவள் செல்ல வேண்டியது மருத்துவ பீடத்துக்கு. ஐந்தாண்டுப் பட்டப்படிப்பும் ஓராண்டு உள்ளகப் பயிற்சியும் முடித்தபின் கண் சிகிச்சைப் பிரிவில் வைத்திய அதிகாரியாகப் பணியாற்றலாம். விசேட நிபுணராக விரும்பினால் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தில் மேலும் பல ஆண்டுகள் பயில வேண்டும். பார்வையை அளப்பதும் கண் அழுத்தத்தைச் சோதிப்பதும் போதுமென்றால் கண் தொழினுட்பவியலாளர் பணி இருக்கிறது. நோயாளியோடு கூடுதல் நேரம் இருக்க விரும்பினால் தாதியர் பணியும் உண்டு. இவற்றை மருத்துவம் கிடைக்காதவர்களின் ஒதுங்கிடமாக அவளிடம் சொல்லிவிடாதீர்கள். ஒரு கண் பிரிவு இவர்கள் இல்லாமல் ஒருநாளும் இயங்காது.

உயர்தரத்தில் உயிரியல் விஞ்ஞானப் பிரிவைத் தெரிவு செய்யும்போது பௌதிகவியலைக் கைவிட வேண்டாம். அதற்குப் பதிலாக விவசாய விஞ்ஞானத்தை எடுத்தால் மருத்துவ பீடத்தின் கதவு மூடிவிடும். மாவட்ட ஒதுக்கீட்டில் திருகோணமலைக்கென வெட்டுப்புள்ளி தனியாகக் கணிக்கப்படுவதால், கொழும்புப் பிள்ளைகளின் புள்ளிகளைப் பார்த்து இப்போதே மனம் தளரத் தேவையில்லை. மருத்துவக் கல்வி ஆங்கிலத்திலேயே நடைபெறுவதால், தமிழ் மொழிமூலம் படிக்கும் மகள் இந்த இடைவெளி மாதங்களில் ஆங்கில வாசிப்பைத் தொடங்குவது நல்லது. பாடத் தெரிவுப் படிவத்தைக் கொடுக்குமுன், இந்த மூன்று பணிகளில் எதன் அன்றாட வேலை தன்னை ஈர்க்கிறது என்று அவளையே ஒரு பக்கம் எழுதச் சொல்லி, அதை அவளது விஞ்ஞான ஆசிரியரிடமும் காட்டுங்கள்.