மில்லிங் பில்லுல 183 டன், நம்பலாமா?

1,200 சதுர மீட்டர் பார்க்கிங் இடம், 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு பழைய தாரை சுரண்டி எடுத்திருக்காங்க, டன் கணக்குல பில், 183 டன்னு போட்டிருக்கு, சரியான்னு கேட்டிருக்கீங்க. சரியில்லங்க. பணம் கொடுத்துடாதீங்க.

பரப்பை ஆழத்தால பெருக்குங்க, 1,200 × 0.05, மொத்தம் 60 கன மீட்டர். ரோட்டுல இறுகிக் கிடக்குற தார் கலவை ஒரு கன மீட்டர் 2.3ல இருந்து 2.4 டன் வரைக்கும் இருக்கும், 2.35னு வச்சா 141 டன். அவ்ளோதான் கணக்கு.

அப்ப 183 எப்படி வந்துச்சு? சுரண்டினதும் உதிரியாகி சுமார் 30 சதவீதம் உப்பிடும், 60 கன மீட்டர் 78 ஆயிடும், ஆனா எடை அதேதான். டிப்பர்ல ஏறின அந்த 78ஐ எடுத்து இறுகின தாரோட 2.35ஆல பெருக்கி இருக்காங்க, உதிரிக்கு 1.8தான் போடணும். லோடு கணக்கு பேசுற புரோக்கருங்க சில பேர் பண்ற வேலை இது, அதே ஆளு அந்த தூளை உங்ககிட்ட விலைக்கு கேக்கும்போது மட்டும் "உதிரி சார், எடையே நிக்காது"ம்பார்! லோடு எண்ணிக்கைய ஒத்துக்கவே ஒத்துக்காதீங்க, ஒவ்வொரு லோடுக்கும் காலி வண்டி எடை, லோடு எடை ரெண்டும் இருக்குற எடை மேடை சீட்டு கேளுங்க.

ஆழமும் முக்கியம், அரை சென்டிமீட்டர் மாறினாலே உங்க இடத்துல 14 டன் மாறும். 183 வரணும்னா 6.5 சென்டிமீட்டர் வெட்டியிருக்கணும். வெட்டின ஓரத்துல ஸ்கேல் வச்சு பத்து இடத்துல அளந்து சராசரி எடுங்க, புது தார் போடுறதுக்கு முன்னாடியே. போட்டு மூடினப்புறம் ஆபீஸ்ல உக்காந்து அளவு புக்கை நிரப்பி கையெழுத்து போடுற வழக்கம் எப்பதான் ஒழியுமோ தெரியல.

ஒண்ணு மட்டும் தனியா பாக்கணும். பார்க்கிங் ஓரத்துல பதிச்சிருக்குற கல்லை ஒட்டி சரிவா வெட்டியிருந்தா, அதாவது கல்லு பக்கம் 5 சென்டிமீட்டர், உள்பக்கம் போகப்போக பூஜ்யம், அந்த பட்டைக்கு ஆழம் 5 இல்ல, பாதி, 2.5தான். 2 மீட்டர் அகலம், 100 மீட்டர் நீளம்னா 5 கன மீட்டர், பன்னெண்டு டன்னுக்கும் கொஞ்சம் கம்மி, முழு ஆழம் போட்டா ரெட்டிப்பா காட்டும். உள்பக்கம் பூஜ்யம் இல்லாம 2 சென்டிமீட்டர்ல நின்னிருந்தா 5ஐயும் 2ஐயும் கூட்டி பாதி, 3.5. சரிவு நேரா இல்லாம குழியும் மேடுமா இருந்தா குறுக்கே அஞ்சாறு இடத்துல அளந்து சராசரி போடுங்க. இந்த பட்டைய மொத்த பரப்புல இருந்து கழிச்சு தனியா கணக்கு போட்டு கடைசில சேருங்க.

சீட்டும் ஆழ அளவும் கைக்கு வந்தப்புறம் பில்லை திருத்தி வாங்குங்க, அதுவரைக்கும் கையெழுத்து வேணாம்.