அப்பா சாப்பிட மாட்டேன் என்கிறார்... டிரிப்ஸ் ஏற்றலாமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 74. நுரையீரல் புற்றுநோய் கல்லீரலுக்கும் பரவிவிட்டது. இனி கீமோ பலன் தராது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பத்து நாளாக எந்நேரமும் தூக்கம்தான். இரண்டு ஸ்பூனுக்கு மேல் எதுவும் இறங்கவில்லை. "அப்பாவைப் பட்டினி போடுகிறோம், டிரிப்ஸாவது ஏற்றுவோம்" என்று தம்பி தினமும் சண்டை போடுகிறான். கடைசிக் கட்டம் நெருங்கிவிட்டதா? நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில் தம்பிக்குச் சொல்லிவிடுகிறேன். சாப்பிடாததால் அப்பாவின் உடல் ஒடுங்கவில்லை. உடல் ஒடுங்கி வருவதால்தான் சாப்பாடு வேண்டாம் என்கிறார். புற்றுநோய் இவ்வளவு முற்றிய பிறகு எவ்வளவு ஊட்டினாலும் அது உடம்பில் ஒட்டாது. பசியும் அடங்கிப்போகும். நாம் ஒருவேளை சாப்பிடாவிட்டால் படுகிற பாடு அவருக்கு இருக்காது. கட்டாயப்படுத்தி ஊட்டினால்தான் ஆபத்து: விழுங்கும் திறன் குறைந்தவருக்குப் புரையேறி நிமோனியா வரலாம். மூக்கில் குழாய் போட்டாலும் அந்த ஆபத்து போகாது.

டிரிப்ஸ் விஷயமும் இப்படித்தான். ஏற்றுகிற திரவத்தைச் சமாளிக்க இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் தெம்பு இருக்காது. அது கை கால் வீக்கமாகவும், நெஞ்சுச் சளியாகவும், மூச்சுத்திணறலாகவும் திரும்பி வரலாம். ஆனால் ஒன்றை மட்டும் பார்த்துவிடுங்கள். நுரையீரல் புற்றுநோயில் ரத்தத்தில் கால்சியம் கூடினாலும் ஆள் இப்படித் தூங்கி வழிவார். நோய்த்தொற்று வந்தாலும், சிறுநீரகம் மந்தமாகி வலி மருந்தான மார்ஃபின் உடம்பில் தேங்கினாலும் அப்படியே. இவை சில நேரம் சரிசெய்யக்கூடியவை. அப்பாவின் டாக்டரிடம் இதை ஒருமுறை கேட்டுவிட்டால், பின்னால் "பார்க்காமல் விட்டோமோ" என்ற உறுத்தல் இருக்காது.

தம்பிக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றால் வாயைக் கவனிக்கும் பொறுப்பைக் கொடுங்கள். இந்த நிலையில் தாகம் என்பது பெரும்பாலும் வாய் வறட்சிதான். தலைப்பக்கத்தை உயர்த்தி, மிருதுவான பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்து, உதறிவிட்டு, நாக்கு, ஈறு, கன்னத்தின் உட்புறம் எல்லாம் மெல்லத் துடைக்க வேண்டும். விழித்திருக்கும்போது ஓரிரு மணிக்கு ஒருமுறை செய்யலாம். உதட்டுக்கு லிப் பாம் தடவலாம். அவராகக் கேட்டால், நன்றாக விழித்திருந்து விழுங்க முடிந்தால், பிடித்ததை ஒரு வாய் கொடுங்கள். சத்துக் கணக்கெல்லாம் இனி வேண்டாம்.

எவ்வளவு நாள் என்று தேதி குறிக்க எந்த டாக்டராலும் முடியாது. வாரத்துக்கு வாரம் மாற்றம் தெரிந்தால் இன்னும் சில வாரங்கள், நாளுக்கு நாள் தெரிந்தால் சில நாட்கள் என்று நாங்கள் தோராயமாகக் கணிப்போம். கடைசி நாட்களில் சிறுநீர் குறைந்து நிறம் அடர்த்தியாகும். கை கால் சில்லிடும். முழங்காலிலும் பாதத்திலும் ஊதா நிறத் திட்டுகள் வரும். மூச்சு வேகமெடுத்து, தணிந்து, சில நொடிகள் நின்று, மறுபடி தொடங்கும். 19-ஆம் நூற்றாண்டு டப்ளின் மருத்துவர்கள் ஜான் செயின், வில்லியம் ஸ்டோக்ஸ் இருவரின் பெயரால் இதைச் 'செயின்-ஸ்டோக்ஸ் சுவாசம்' என்போம்.

குடும்பத்தாரை அதிகம் கலங்கடிப்பது தொண்டையில் கேட்கும் களகள சத்தம்தான். விழுங்க முடியாத எச்சில் தேங்கி எழுகிற ஒலி அது. அந்நேரம் அவர் நினைவில்லாமல் இருப்பார் என்பதால், கேட்கிற நமக்குத்தான் வேதனை. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மருந்தும் உண்டு. குழாய்விட்டு ஆழமாக உறிஞ்ச வேண்டாம், அதுதான் வலிக்கும்.

துணியைப் பிடித்து இழுக்கிறார், எழ முயல்கிறார் என்றால் உடனே தூக்க மருந்து கேட்காதீர்கள். சிறுநீர் அடைபட்டு அடிவயிறு உப்பியிருக்கிறதா, மலம் கட்டியிருக்கிறதா, எங்காவது வலிக்கிறதா என்று நர்ஸைப் பார்க்கச் சொல்லுங்கள். இறந்துபோன தன் அம்மாவிடம் பேசுகிறாரா? அவர் பயப்படவில்லை என்றால் திருத்த வேண்டியதில்லை.

மார்ஃபின் என்றதும் பலர் பின்வாங்குகிறார்கள். சரியான அளவில் கொடுத்தால் அது உயிரைப் பறிக்காது. வலியையும் மூச்சுத்திணறலையும் தணிக்கும். மலச்சிக்கல் வரும் என்பதால் அதற்கான மருந்தையும் முதல் நாளே தொடங்க வேண்டும். விழுங்க முடியாதபோது தோலுக்கடியில் ஊசியாகப் போடலாம். மூச்சு வாங்கும்போது முகத்துக்கு நேராக ஒரு சின்ன ஃபேன் வைத்துப் பாருங்கள், பலருக்கு இதம் தரும்.

திடீரென ஒருநாள் தெளிவாகப் பேசலாம், பசிக்கிறது என்றுகூடச் சொல்லலாம். சிலருக்கு அப்படி நேர்வதுண்டு. அதை வைத்து மறுபடி ஆஸ்பத்திரிக்கு ஓடாதீர்கள். பேச வேண்டியதைப் பேசிவிடுங்கள். கண் திறக்காவிட்டாலும் பேசலாம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தினர் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், நினைவிழந்த நிலையில் இருந்த நோயாளிகள் சிலரின் மூளை, இறப்புக்குச் சில மணி நேரம் முன்புகூட ஒலிகளை உணர்ந்தது தெரியவந்தது. ஆகவே டிரிப்ஸ் சண்டையை அடுத்த அறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரமே டாக்டரிடம் கேட்டு முடிக்க வேண்டியவை: இரவில் யாரைக் கூப்பிடுவது, வலிக்கும் திணறலுக்கும் வீட்டில் என்ன மருந்து வைத்திருப்பது, மூச்சு நின்றால் நெஞ்சை அழுத்தி மீட்க முயல வேண்டுமா என்பது. அப்பாவால் பதில் சொல்ல முடிகிற நேரம் பார்த்து அவரையே கேளுங்கள். முடிவை எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் பதற்றத்தில் யாராவது ஆம்புலன்ஸை அழைக்க, அவர் விரும்பாததெல்லாம் நடந்துவிடும். வலி அடங்காவிட்டாலோ, திணறல் கூடினாலோ, ரத்தம் கசிந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் நர்ஸையோ டாக்டரையோ அப்போதே அழையுங்கள்.