பின்னால் ஒட்டுபவர், முன்னால் மறிப்பவர்: சாலைக் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் ஏறக்குறைய எல்லாமே அடுத்தவர் வண்டி ஓட்டுவதைப் பற்றிய புகார்கள். நியாயமானவைதான். 2022-இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு சொல்கிறது. அதில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். ஆனால் “இவர்களை எப்படித் திருத்துவது?” என்று கேட்டிருப்பவர்களுக்கு என்னிடம் பதில் கிடையாது. இவர்களிடமிருந்து தப்பி வீடு போய்ச் சேருவது எப்படி என்பதற்கு ஓரளவு உண்டு.

திண்டிவனம் நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறேன். பின்னால் ஒரு எஸ்.யூ.வி. பம்பரை முட்டுகிற மாதிரி ஒட்டிக்கொண்டு லைட்டை அடித்துக்கொண்டே வருகிறது. பிரேக்கை லேசாகத் தொட்டு ஒரு பயம் காட்டினால் என்ன?
– தாம்பரம் வாசகர்

வேண்டவே வேண்டாம். 80-இல் போகும் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடும். உங்கள் பிரேக் விளக்கைப் பார்த்து, மூளைக்கு எட்டி, அவர் கால் பிரேக்குக்குப் போவதற்கே ஒரு நொடி ஆகிவிடும். அவர் நிற்பதோ உங்களுக்கு 5 மீட்டர் பின்னால். பயம் காட்டுவதற்காகத் தொட்ட பிரேக், பின் சீட்டில் உங்கள் குழந்தை இருந்தால் அந்தக் குழந்தைக்குத்தான் வினையாக முடியும்.

முதலில் ஒன்றைச் சொல்லுங்கள்: நீங்கள் எந்த லேனில் இருந்தீர்கள்? நான்கு வழிச் சாலையில் வலது லேன் முந்துவதற்கு. “லிமிட்டுக்குள்தானே போகிறேன், இவன் யார் என்னை ஒதுங்கச் சொல்ல” என்று அங்கேயே உட்கார்ந்திருப்பவர்கள் நிறையப் பேர். அது நம் பட்டா நிலம் அல்ல. இடது பக்கம் காலியாக இருந்தால் இண்டிகேட்டர் போட்டு ஒதுங்கிவிடுங்கள், அவர் போகட்டும். இடது பக்கம் லாரி வரிசையாக இருந்தால் அவருக்காக வேகத்தைக் கூட்டாதீர்கள். இடது இண்டிகேட்டரைப் போட்டு, ஒதுங்கப் போகிறீர்கள் என்று தெரிவித்துவிட்டு, இடம் கிடைக்கும்வரை அதே வேகத்தில் போங்கள். பெரும்பாலானவர்கள் அதைப் பார்த்ததும் லைட் அடிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

அதோடு, பின்னால் ஒருவர் ஒட்டும்போது முன்னால் இருக்கும் இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள். பின்னால் இருப்பவருக்கு நிறுத்த இடமில்லை. ஆகவே நீங்கள் திடீரென்று பிரேக் போட வேண்டிய நிலை வரவே கூடாது. சாதாரண நாளில் இரண்டு நொடி இடைவெளி போதும். முன் வண்டி ஒரு மைல்கல்லைத் தாண்டியதும் “ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு” என்று சொல்லிப் பாருங்கள். சொல்லி முடிப்பதற்குள் நீங்களும் அந்தக் கல்லைத் தாண்டிவிட்டால் நெருக்கம் அதிகம். மழையில் நான்கு நொடி. “அந்த இடைவெளியில் எவனாவது வந்து நுழைந்துவிடுகிறானே” என்பார்கள். நுழையட்டும். திண்டிவனம் போவதற்குள் பத்துப் பேர் நுழைந்து, ஒவ்வொருவருக்கும் இரண்டு நொடி பின்வாங்கினாலும் உங்களுக்கு நஷ்டம் அரை நிமிடம்கூட இல்லை.

நாற்சந்தியில் நேராகப் போவதற்கு நான்கு இண்டிகேட்டரையும் போடுகிறார்களே, இது சட்டத்தில் இருக்கிறதா?
– மதுரை வாசகி

இல்லை. யாரோ யாருக்கோ சொல்லிக் கொடுத்து ஊர் முழுக்கப் பரவிய பழக்கம். நேராகப் போக எந்த விளக்கும் தேவையில்லை. பக்கவாட்டில் இருப்பவருக்கு நான்கில் ஒரு பக்கம்தான் கண்ணில் படும். அவர் பார்ப்பது இடது விளக்கு என்றால், நீங்கள் இடப்பக்கம் திரும்பப் போவதாக நினைத்து நடுவில் வண்டியை விட்டுவிடுவார். மழையில் ஓடிக்கொண்டே நான்கையும் போடுவதும் இதே கதைதான். வண்டி ஓடுகிறதா, நிற்கிறதா, லேன் மாறப் போகிறதா என்று பின்னால் வருபவருக்கு எதுவுமே புரியாது. மழையில் ஹெட்லைட்டைப் போடுங்கள், அது போதும்.

விருத்தாசலம் பக்கம் இரு வழிச் சாலை. முன்னால் போன லாரிக்காரர் வலது இண்டிகேட்டர் போட்டார். “முந்திக்கொள்” என்கிறார் என்று நினைத்து ஏறினேன். அவர் நிஜமாகவே வலப்பக்கம் திரும்பினார். நூலிழையில் தப்பித்தேன். வலது இண்டிகேட்டருக்கு என்னதான் அர்த்தம்?
– கடலூர் வாசகர்

சட்டப்படி ஒரே அர்த்தம்தான்: வலப்பக்கம் வரப் போகிறேன். ஆனால் சாலையில் அதற்கு நான்கு அர்த்தம் இருக்கிறது. திரும்பப் போகிறேன்; முன்னால் போகும் டிராக்டரை முந்தப் போகிறேன்; எதிரே வண்டி வருகிறது, வராதே; எதிரே காலி, வா. ஒரே விளக்கு “வா” என்றும் சொல்லும், “வராதே” என்றும் சொல்லும். அதை நம்பி உயிரைப் பணயம் வைக்க முடியுமா?

நான் பழக்குகிறவர்களிடம் சொல்வது, விளக்கைப் பார்த்து முடிவெடுக்காதே, சக்கரத்தைப் பார். வலது இண்டிகேட்டர் எரியும்போது லாரியின் வேகம் குறைகிறதா, வண்டி நடுக்கோட்டை நோக்கி நகர்கிறதா, முன்னால் வலப்பக்கம் ஏதாவது கிளைச் சாலையோ பெட்ரோல் பங்கோ டீக்கடையோ இருக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் அவர் திரும்பப் போகிறார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வேகம் குறையாமல், இடது ஓரமாகவே போய்க்கொண்டிருந்தால் உங்களுக்கு ஏதோ சொல்கிறார். அப்போதும் எதிர்ச் சாலை காலியாக இருப்பதை உங்கள் கண்ணால் பார்க்காமல் ஏறாதீர்கள். அதற்கு லாரியின் வாலைப் பிடித்துக்கொண்டு போகக் கூடாது. நாலு வண்டி நீளம் பின்வாங்கினால்தான் முன்னால் இருப்பது தெரியும்.

கிளீனர் கைக்கும் இதே பதில்தான். இடப்பக்க ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே வந்து, விரல்களை மடக்கி “போ, போ” என்று ஆட்டும். நல்ல மனதோடு ஆட்டும் கைதான். ஆனால் அவர் இருப்பது இடப்பக்கம், அங்கிருந்து எதிர்ச் சாலை அவருக்கு எவ்வளவு தெரியும்? உங்கள் வண்டி ஸ்கூட்டியா ஸ்கார்ப்பியோவா, எவ்வளவு இழுக்கும் என்பதும் அவருக்குத் தெரியாது. இன்னொன்று: லாரியின் பக்கக் கண்ணாடியில் டிரைவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், நீங்களும் அவருக்குத் தெரியவில்லை. அதிலும் லாரியின் இடப்பக்கம் முழுக்கக் குருட்டு இடம். அந்தப் பக்கம் பைக்கை நுழைக்கவே நுழைக்காதீர்கள்.

எங்கள் வீட்டிலிருந்து இடது பக்கம் போய் யூ-டர்ன் எடுத்தால் கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் சுற்று. அதனால் பையனைப் பள்ளியில் விட ஓரமாக, மெதுவாக, எதிர்த் திசையிலேயே போய்விடுகிறேன். எதிரே வருபவர்கள்தான் கண்டபடி திட்டுகிறார்கள்.
– செங்கல்பட்டு வாசகி

எல்லாரும் அடுத்தவர் மேல் புகார் சொல்லும்போது நீங்கள் ஒருவர்தான் உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறீர்கள், அதற்கு நன்றி. ஆனால் அம்மா, திட்டுகிறவர்களால் உங்களுக்கு ஆபத்து குறைவு. அவர்கள் உங்களைப் பார்த்துவிட்டார்கள். பார்க்காதவர்தான் ஆபத்து. கிளைத் தெருவிலிருந்து நெடுஞ்சாலையில் ஏறுகிறவர் வலது பக்கம் மட்டும்தான் திரும்பிப் பார்ப்பார். வண்டிகள் வர வேண்டிய திசை அதுதானே. நீங்கள் வருவது அவருடைய இடது பக்கம். நீங்கள் எவ்வளவு மெதுவாக, எவ்வளவு ஓரமாகப் போனாலும் அவர் கணக்கில் நீங்கள் இல்லை.

நேருக்கு நேர் வரும்போது உங்கள் 30-உம் அவருடைய 60-உம் சேர்ந்து 90 ஆகிவிடுகிறது. அதாவது நொடிக்கு 25 மீட்டர். மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவில், 2019 திருத்தத்துக்குப் பிறகு, எதிர்த் திசையில் ஓட்டுவதும் அபாயகரமாக ஓட்டும் குற்றம். அபராதம் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை, சிறைத் தண்டனைக்கும் இடம் உண்டு. யூ-டர்னை அவ்வளவு தூரத்தில் வைத்தவர்கள் மேல் எனக்கும் கோபம் உண்டு. தெருவாசிகள் சேர்ந்து மனு கொடுங்கள், சர்வீஸ் ரோட்டை இரு வழியாக்கச் சொல்லுங்கள். அது நடக்கும்வரை ஐந்து நிமிடம் முன்னதாகக் கிளம்புவதைத் தவிர வேறு வழி இல்லை.

இரவில் எதிரே வருபவர்கள் யாருமே லைட்டை டிம் பண்ணுவதில்லை. நானும் ஹை பீமிலேயே வைத்துக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டேன். சரிதானே?
– பெரம்பலூர் வாசகர்

கண் கூசிய இரண்டு பேர் எதிரெதிரே வருவதால் யாருக்கு லாபம்? ஒரு முறை கண் கூசினால் பார்வை சரியாகச் சில நொடிகள் ஆகும், வயது ஏற ஏற இன்னும் அதிகம். 60-இல் போனாலும் ஐந்து நொடியில் 80 மீட்டருக்கு மேல் கடந்துவிடுவீர்கள். ஒரு முறை டிம்-டிப் அடித்துப் பாருங்கள். சில பேருக்குத் தாங்கள் ஹை பீமில் வருவதே தெரியாது, மீட்டரில் எரியும் நீல விளக்கைக் கவனித்திருக்க மாட்டார்கள். குறைக்கவில்லை என்றால் விட்டுவிட்டு, வேகத்தைக் குறைத்து, இடது ஓர வெள்ளைக் கோட்டைப் பார்த்து ஓட்டுங்கள். எதிர் விளக்கை முறைத்துப் பார்த்தால் வண்டியும் மெல்ல அந்தப் பக்கமே போகும்.

நான்கு வழிச் சாலைகளில் நடுவே அரளி வளர்த்திருப்பது அழகுக்கு மட்டும் இல்லை, எதிர் வெளிச்சத்தை மறைக்கவும்தான். செடி காய்ந்து போன இடங்களில் இந்தத் தொல்லை அதிகமாக இருப்பதை நீங்களே கவனிக்கலாம்.

உங்கள் காரையும் ஒரு தரம் பாருங்கள். குடும்பத்தோடு குலதெய்வம் கோயிலுக்குக் கிளம்பி, டிக்கி நிறைய அண்டா குண்டான் ஏற்றினால் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து மூக்கு மேலே தூக்கும். லோ பீமே எதிராளி கண்ணில் அடிக்கும். நிறைய கார்களில் ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம் 0, 1, 2, 3 என்று ஒரு சின்னத் திருகு இருக்கிறதே, அது இதற்குத்தான். பாரம் ஏற ஏற எண்ணைக் கூட்டினால் விளக்கு கீழே இறங்கும். கார் வாங்கிப் பல வருடம் ஆனவர்கள்கூட அதைத் தொட்டிருக்க மாட்டார்கள்.

கொல்லிமலை ஏறும்போது எதிரே இறங்குகிற கார்கள் வழியே விடுவதில்லை. மேலே போகிறவருக்குத்தானே முன்னுரிமை?
– நாமக்கல் வாசகர்

ஆமாம். அகலம் போதாத மலைச் சாலையில் இறங்குகிறவர்தான் நின்று வழிவிட வேண்டும், ஓட்டுநர் விதிமுறைகளிலேயே இருக்கிறது. ஏற்றத்தில் நின்றுவிட்ட வண்டியை மறுபடி கிளப்பும்போது அது பின்னால் உருளும். எழுபது கொண்டை ஊசி வளைவு உள்ள மலையில் உங்களுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பது தெரியாது. ஆனால் வார இறுதியில் மலைக்கு வருகிற பாதிப் பேருக்கு இந்த விதியே தெரியாது என்று வைத்துக்கொண்டு ஓட்டுங்கள். வளைவுக்கு முன்னால் ஹாரன் அடியுங்கள். மேலே பஸ் திரும்புவது தெரிந்தால் வளைவுக்குள் போய் நிற்காமல் கீழேயே நின்றுவிடுங்கள். பஸ் திரும்பச் சாலையின் முழு அகலமும் வேண்டும்.

இறங்கும்போது நியூட்ரலில் விடுவது இதைவிட மோசமான பழக்கம். டீசல் மிச்சம் என்று சொல்வார்கள். கியர் இல்லாவிட்டால் இன்ஜின் வண்டியைப் பிடிக்காது. பாரம் முழுவதும் பிரேக் மேல் விழும், டிரம் சூடேறும், ஒரு கட்டத்தில் மிதித்தாலும் பிடிக்காது. தருமபுரி பக்கம் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் நடக்கும் லாரி விபத்துகளில் இந்தக் காரணம் திரும்பத் திரும்ப அடிபடுகிறது. எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். முன்னால் இறங்கும் லாரியிலிருந்து கருகல் நாற்றம் வந்தால் ஒதுங்கி நின்று, நன்றாக இடைவெளி விட்டு அப்புறம் போங்கள். அந்த மாதிரி லாரிக்கு முன்னால் போய் மாட்டிக்கொள்ளக் கூடாது.

சிக்னலில் இன்னும் மூன்று நொடி இருக்கும்போதே பின்னாலிருந்து ஹாரன் அடிக்கிறார்கள்.
– சென்னை வாசகர்

அடிக்கட்டும். தேவையில்லாமல் ஹாரன் அடிக்க முதல் முறை 1,000 ரூபாய் அபராதம் உண்டு, யாரும் கட்டிப் பார்த்ததில்லை என்கிற மாதிரிதான் ஊர் இருக்கிறது. நீங்கள் பச்சை விழுந்த பிறகும் ஒரு கணம் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டே நகருங்கள். குறுக்குச் சாலையில் சிவப்பு விழுந்த பிறகும் ஒரு பைக்கோ மாநகரப் பேருந்தோ கடைசியாக ஒரு முயற்சி செய்யும்.

நின்றிருந்த கார் கதவு திடீரென்று திறந்து, பைக்கில் வந்த என் தம்பிக்குக் கை உடைந்தது. இதற்கு ஏதாவது வழி உண்டா?
– திருச்சி வாசகி

தம்பி சீக்கிரம் குணமாகட்டும். பைக்கில் போகிறவர் நிற்கும் கார்களிலிருந்து ஒரு கதவு அகலம் தள்ளியே போக வேண்டும். அதோடு, சற்று முன்புதான் நின்ற கார் எது என்று பார்க்க வேண்டும்: பிரேக் விளக்கு இப்போதுதான் அணைந்தது, உள்ளே தலை அசைகிறது, சக்கரம் இன்னும் வளைந்தே நிற்கிறது என்றால் அங்கே கதவு திறக்கும்.

காரில் இருப்பவர்களுக்கு ஒரு எளிய பழக்கம்: கதவுக்குப் பக்கத்துக் கையால் திறக்காமல் தூரத்துக் கையால் திறப்பது. டிரைவர் இடது கையை நீட்டி வலது கதவைத் திறந்தால் உடம்பு தானாகத் திரும்பும், கண் பின்னால் போகும். நெதர்லாந்தில் சைக்கிள்காரர்களைக் காப்பாற்ற இதைப் பழக்குகிறார்கள். குழந்தைகள் ஏறினால் பின் கதவுகளில் சைல்டு லாக் போட்டுவிடுங்கள்.

பழுதான லாரிக்குப் பின்னால் கல்லும் வேப்பங்கிளையும் வைத்திருந்தார்கள். லாரி போய்விட்டது, கல் நடுரோட்டிலேயே கிடக்கிறது. இரவில் பைக் ஏறிவிட்டால்?
– உளுந்தூர்பேட்டை வாசகர்

ஏறத்தான் செய்கிறது. டயர் மாற்றிய அவசரத்தில் கல்லைத் தூக்கிப் போட மறந்துவிடுகிறார்கள், அல்லது குனிய மனமில்லை. லாரியில் முக்கோணப் பிரதிபலிப்பான் இருந்தால் கல்லுக்கே வேலையில்லை. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-க்கு அழைத்து இடத்தைச் சொல்லுங்கள், ரோந்து வண்டி வரும். நீங்களாக இறங்கி எடுப்பதானால் பகலில், வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, கூட ஒருவரை எதிர் வருகிற வண்டிகளுக்குக் கை காட்ட வைத்துக்கொண்டு எடுங்கள். இரவில் நடுரோட்டில் குனிய வேண்டாம்.

புது பைக் வாங்கியிருக்கிறேன். பகலில் எதிரே வருகிற எல்லாரும் விரலை மடக்கி விரித்து “லைட் எரியுது, லைட் எரியுது” என்கிறார்கள். எரிச்சலாக இருக்கிறது. ஆஃப் பண்ண சுவிட்ச் வைத்துக் கொடுக்கிறேன் என்கிறார் மெக்கானிக்.
– ஈரோடு வாசகர்

வைக்காதீர்கள், தம்பி. 2017 ஏப்ரலிலிருந்து இரு சக்கர வாகனங்களில் இன்ஜின் ஓடினாலே ஹெட்லைட் எரிய வேண்டும் என்பது விதி. பகலிலும் நீங்கள் கண்ணில் பட வேண்டும் என்பதற்காகத்தான். சைடு ஸ்டாண்ட் போட்டபடி போகிறீர்கள் என்று யாராவது கை காட்டினால் உடனே காலால் தள்ளிவிடுங்கள், அது நிஜமான உதவி. லைட்டுக்குக் கை காட்டுகிறவர்களுக்கு ஒரு தலையாட்டல் போதும்.