அப்பாவை மேசைக்கு அழைத்துப் போகலாமா?

கேள்வி: சேலம் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் என் அப்பா 30 வருஷமாகச் செருப்புத் தைக்கிறார். அவரிடம் கற்ற இரண்டு ஊசித் தையலில் நான் பர்ஸ் செய்கிறேன். மே மாதம் ஏற்காட்டில் ஒரு கைவினைச் சந்தையில் இரண்டு நாள் மேசை போட்டேன். வாடகை 2,500 ரூபாய். 11 பர்ஸ்தான் போனது. 900 ரூபாய் பர்ஸை எல்லாரும் 600க்குக் கேட்கிறார்கள். ஒன்றுக்குத் தோல், நூல் எல்லாம் சேர்த்து 210 ரூபாய் ஆகிறது. தைக்க மூன்றரை மணி நேரம். விலையைக் குறைக்கலாமா? இன்னொன்று. அப்பாவும் வந்து உட்கார்ந்து தைத்தால் நன்றாக இருக்கும் என்று எனக்கு ஆசை. "உங்க குடும்பத் தொழில் என்னன்னு தெரிஞ்சா ஒருத்தனும் வாங்க மாட்டான்" என்கிறார்கள் நண்பர்கள். என்ன செய்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சேலம்

பதில்: தம்பி, விலைக்கான பதில் ஒரு துண்டுத் தாளில் அடங்கிவிடும். இரண்டாவது கேள்விதான் உங்களை எழுத வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். கணக்கை முடித்துவிட்டு அதற்கு வருகிறேன்.

வாடகையை 11 பர்ஸுக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 227 ரூபாய். 900இல் அதையும் 210ஐயும் கழித்தால் 463 மிஞ்சும். மூன்றரை மணி நேர உழைப்புக்கு மணிக்கு 132 ரூபாய். அதே பர்ஸை 600க்குக் கொடுத்தால் மணிக்கு 47 ரூபாய்கூடத் தேறாது. இதில் பஸ் செலவும் சாப்பாடும் சேரவில்லை. குறைக்காதீர்கள். 150, 200 ரூபாயில் சாவிக் கொத்து வார், புத்தக அடையாள வார் என்று வெட்டு மிச்சத்தில் செய்து வையுங்கள். பேரம் பேசுகிறவரின் கையில் அதைக் கொடுங்கள். பர்ஸின் விலை அப்படியே இருக்கட்டும்.

சேலத்துக்காரர் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெள்ளிக் கொலுசு வாங்கப் போனால் செய்கூலி, சேதாரம் என்று தனியாகப் போடுகிறார்கள், நாமும் கொடுக்கிறோம். தோலுக்கும் அதே நியாயம்தானே? ஒரு முழுத் தோலில் வயிற்றுப் பக்கம் தளர்ந்திருக்கும், முள் கிழித்த தழும்பும் உண்ணி கடித்த புள்ளியும் இருக்கும். அதெல்லாம் போகத்தான் பர்ஸுக்கான துண்டு கிடைக்கிறது. ஓர் அட்டையில் "தோல், சேதாரம், செய்கூலி" என்று பிரித்து எழுதி மேசையில் வையுங்கள். நம் ஊர் மக்களுக்குப் படித்ததுமே புரியும்.

எந்தத் தோல் என்று நீங்கள் எழுதவில்லை. ஈரோடு, திண்டுக்கல் பக்கம் மரப்பட்டையில் பதனிட்ட தோலாக இருந்தால் அதைச் சொல்லி விற்கலாம். ஒரு காலத்தில் ஆவாரம் பட்டையில் ஊறவைத்து, கடுக்காய் கொடுத்து முடித்த தோல்தான் இங்கிருந்து கப்பலேறியது. வெட்டிய ஓரத்தைக் காட்டுங்கள். பட்டைத் தோல் உள்ளே வரை பழுப்பாக இருக்கும். குரோம் உப்பில் பதனிட்ட குரோம் தோலாக இருந்தால் பெரும்பாலும் நடுவில் நீலம் கலந்த சாம்பல் கோடு தெரியும். குரோம் மட்டம் என்று சொல்லவில்லை. எதை விற்கிறோமோ அதைச் சொல்லி விற்க வேண்டும். பட்டைத் தோல் வெயிலும் கையும் பட்டுக் கறுக்கும் என்பதையும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

இனி அப்பா. நண்பர்கள் சொல்வதில் பொய் இல்லை. நம் ஊரில் தோல் தைக்கிற கையைப் பார்த்ததும் சாதியைக் கேட்கிற வாய்கள் இன்னும் இருக்கின்றன. உங்கள் மேசைக்கும் அப்படி ஒருவர் வரலாம், எடுத்த பர்ஸை வைத்துவிட்டுப் போகலாம். போகட்டும். அந்த 900 ரூபாய்க்காக அப்பாவை மறைக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. மறைக்கக் கூடாது என்பேன்.

இதை நான் புத்தியாகச் சொல்லவில்லை, பட்டுத்தான் சொல்கிறேன். முன்பு நான் ஒரு சின்னக் கைவினைக் கடை நடத்தியபோது, ஒரு பெரியவர் தைத்த தோள்பைகளில் எங்கள் கடைப் பெயரை மட்டும் பொறித்து விற்றேன். ஒரு நாள் அவர் கடைக்கு வந்து தன் பையையே எடுத்துப் பார்த்தார். கட்டைவிரலால் தையல் வரிசையை மெல்லத் தடவினார். ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டார். அந்தக் கட்டைவிரல் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஆனால் முதலில் அவரிடம் கேளுங்கள். ஆசை உங்களுடையது, வந்து உட்காரப்போவது அவர். 30 வருஷம் தெருவில் எத்தனையோ பேச்சைக் கேட்டவருக்கு மலையேறிப் போய் இன்னும் நாலு பேர் பார்வையில் உட்கார மனம் இல்லாமல் இருக்கலாம். "வேண்டாம்ப்பா" என்றால் அதோடு விடுங்கள். அவர் வராவிட்டாலும், பெயர் போடச் சம்மதித்தால், மேசை அட்டையில் அவர் பெயரை உங்கள் பெயருக்கு மேலே எழுதுங்கள்.

வருகிறேன் என்றால், வேடிக்கைப் பொருளாக ஓரத்தில் வைக்காதீர்கள். உங்களுக்கு நாற்காலி என்றால் அவருக்கும் நாற்காலி. தரையில்தான் கை ஓடும் என்றால் நீங்களும் பக்கத்திலேயே பாய் விரித்து உட்காருங்கள். ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் எதிரெதிராக இழுப்பதை வருகிறவர்கள் பார்க்கட்டும். நடுவில் ஒரு தையலை அறுத்துக் காட்டச் சொல்லுங்கள். பக்கத்துத் தையல் பிடித்து நிற்கும். சாதாரண மெஷின் தையல் அங்கிருந்தே பிரிய ஆரம்பிக்கும். 900 ரூபாய் ஏன் என்று அதற்குப் பிறகு விளக்க வேண்டியிருக்காது.

இன்னொரு காரியம்: மாவட்டத் தொழில் மையத்தில் தமிழ்நாடு அரசின் கலைஞர் கைவினைத் திட்டம் பற்றி விசாரியுங்கள். 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். 35 வயது ஆகியிருக்க வேண்டும் என்பதால் அப்பா பெயரில் கேட்பதுதான் சரியாக வரும்.

ஏற்காட்டு மூடுபனி தோலுக்கு ஆகாது. பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும், பருத்தித் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். அப்பாவுக்கு ஸ்வெட்டர் மறக்க வேண்டாம். சாயங்காலம் குளிரில் விரல் விறைத்தால் ஊசி பிடிக்க வராது.